கடற்கரையில் பசு, கோப்பையில் பால்மா

நிலாவெளிக் கடற்கரையில் விடியுமுன் நடக்கப் போனால், வள்ளங்களுக்கு முன்னரே மாடுகள் கண்ணில் படும். கால்களை மடக்கி, ஈரமணலில் வயிறு பதித்து, அசைபோட்டுக்கொண்டு கிடக்கும். கடற்காற்று அடிக்கும் இடத்தில் நுளம்புக்கடி குறைவு என்பது அவற்றுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புறாமலைத் தீவுப் பக்கம் வெளிச்சம் ஏறியதும் ஒவ்வொன்றாக எழும்பி, மணலை உதறி, விடுதி வேலிகளுக்கு இடையே உள்ள ஒழுங்கைகளால் நடந்து, புல்மோட்டை வீதியைக் கடந்து மேய்ச்சலுக்குப் போகும். வாகனங்கள் நின்று வழிவிடும்.

அந்த வீதியோரத் தேத்தண்ணிக் கடையில் ஏறி உட்கார்ந்தேன். கடைக்கார நானா கேட்டார்: "பால் போடவா தம்பி, பிளேன் டீயா?"

பால் என்று அவர் சொன்னது மூடி போட்ட பேணிக்குள் இருந்த மாவை. கடை வாசலில் மூன்று பசுக்கள் நின்றன. ஒன்றின் மடி கனத்துப்போய், கன்றைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தது. கடைக்குள்ளே தோரணம்போலத் தொங்கியவை நியூசிலாந்திலிருந்து பத்தாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பயணப்பட்டு வந்த பால்மாவின் சிறு பக்கற்றுகள். அந்தப் பசுவுக்கும் என் கோப்பைக்கும் இடையில் பத்து அடிகூட இல்லை. அந்தப் பத்து அடியை இந்த ஊர்ப் பாலால் ஏன் கடக்க முடியவில்லை என்று கேட்டுக்கொண்டு, திருகோணமலை நகரிலிருந்து 15 கிலோமீற்றர் வடக்கே இருக்கும் என் தாய்வழி ஊரில் ஒரு வாரம் திரிந்தேன்.

எந்தப் பால்?

எங்கள் பக்கத்துச் சமையலறையில் பால் என்ற சொல்லுக்கு ஒரே பொருள் இல்லை. அடுப்படியில் நிற்கும் தாய் "பால் பிழி" என்றால் அது தேங்காய்ப் பால். முதற்பால், இரண்டாம் பால் என்று அதற்கே படிநிலை உண்டு. சொதிக்கும் வெள்ளைக்கறிக்கும் வட்டிலப்பத்துக்கும் அதுதான். பின்னேரம் "பால் தேத்தண்ணி போடு" என்றால் அது பால்மா. மாட்டிலிருந்து கறந்த பாலைச் சொல்ல வேண்டுமென்றால் மட்டும் "பசுப்பால்" என்று முழுப்பெயர் சொல்ல வேண்டும். முதல் உரிமையாளனுக்கே அடைமொழி தேவைப்படுகிற நிலை.

அந்தப் பசுப்பால் வீட்டுக்குள் வரும் நாட்களை எண்ணிவிடலாம். புது வீடு குடிபுகும்போது பால் காய்ச்ச. தைப்பொங்கலுக்குப் பானையில் பொங்கி வழிய. அம்மன் கோயில் திருவிழாவில் பாற்குடம் எடுக்க. நாகதம்பிரானுக்கு வார்க்க. கலியாணத்தில் பால்பழம் கொடுக்க. இந்த இடங்களில் பால்மாவைக் கரைத்து எடுத்துப்போக யாருக்கும் மனம் வராது. தெய்வத்துக்குப் பசுப்பால், மனிதருக்குப் பால்மா என்று ஒரு பங்கீடு யாரும் எழுதி வைக்காமலே நடந்துவிட்டது.

தயிர் மட்டும் இந்தப் பங்கீட்டுக்குள் அகப்படவில்லை. தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் போகும் எவரும் வீதியோரம் அடுக்கிய சட்டித் தயிரை வாங்காமல் திரும்புவதில்லை. எருமைப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 7 சதவீதம். பசுப்பாலில் 4 அளவில். அதனால்தான் அந்தத் தயிரைக் கத்தியால் வெட்டி எடுக்கலாம்போல இறுகி நிற்கிறது. புதிய மண்சட்டி நீரை உறிஞ்சிக்கொள்வது இன்னொரு காரணம். சோற்றில் தயிரை விட்டு, வாழைப்பழம் பிசைந்து, சீனியோ பாணியோ சேர்த்துக் கையால் குழைத்து உண்பது கிழக்கு மாகாணத்தவர் எல்லோருக்கும் பொதுவான சுகம். நிலாவெளி விடுதிகளில் வெள்ளைக்காரர்கள் காலையில் கரண்டியால் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டாவது கோப்பை கேட்பதும் இதைத்தான்.

குடிக்கிற பால் வேறு கதை.

மா வந்த வழி

என் அம்மம்மாவின் நினைவில் பாடசாலைப் பால் என்று ஒன்று இருந்தது. அமெரிக்க உதவியாக வந்த பால்மாவைப் பெரிய கிடாரத்தில் வெந்நீரில் கரைத்துப் பிள்ளைகளுக்கு வார்த்துக் கொடுத்த 1950கள், 60களின் காலம் அது. அவர் தன் பிள்ளைகளுக்குப் பேணி கொடுத்து அனுப்பியிருக்கிறார். வீட்டில் பசு நின்ற பிள்ளைகளும் வரிசையில் நின்று அந்தப் பாலைக் குடித்தார்கள். பாடசாலையில் வாத்தியார் கையால் கிடைப்பது நல்லதாகத்தானே இருக்கும். பால்மா என்றால் படித்தவர்களின் உணவு, சுத்தமானது, டொக்டர் சொல்வது என்ற எண்ணத்தின் விதை அங்கே விழுந்தது என்று நினைக்கிறேன்.

1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதிப் பால்மா தாராளமாகக் கடைகளுக்கு வந்தது. உள்நாட்டில் பால் சேர்த்துப் பதப்படுத்த 1950களில் உருவாக்கப்பட்ட தேசிய பால் சபை மெல்ல மெல்லத் தேய்ந்தது. இன்று அதன் வாரிசாக மில்கோ நிறுவனமும் அதன் ஹைலன்ட் பெயரும் நிற்கின்றன. எண்பதுகளில் எங்கள் வீட்டில் பால்மாவுக்கு மறுபெயர் லக்ஸ்பிறே. பிறகு அந்த இடத்தை அங்கர் பிடித்துக்கொண்டது.

அங்கர் என்றால் நங்கூரம். 1886இல் நியூசிலாந்தின் வைக்காட்டோ பகுதியில் ஹென்றி ரெனோல்ட்ஸ் என்பவர் வெண்ணெய் செய்யத் தொடங்கியபோது வைத்த பெயர். அவரிடம் வேலை செய்தவர் ஒருவரின் கையில் இருந்த பச்சைகுத்தலைப் பார்த்து வைத்தார் என்பது அந்த நிறுவனத்தார் சொல்லும் கதை. எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சிய துறைமுகம் திருகோணமலை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என எல்லோரும் வந்தார்கள், போனார்கள். இந்த நங்கூரம் மட்டும் ஒவ்வொரு குடிலின் அடுப்படி வரைக்கும் இறங்கி நின்றுவிட்டது.

ஆனால் விளம்பரமும் இறக்குமதியும் மட்டும் இதைச் செய்யவில்லை. நிலாவெளியின் மாடுகளுக்கு என்ன ஆனது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

1985இலும் 1990இலும் போரால் இந்தக் கரையோரத்து மக்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்தார்கள். சிலர் காட்டு வழியே வடக்கே போனார்கள். பலர் வள்ளமேறி இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் பெயர் பதிந்தார்கள். பிள்ளையைத் தூக்கலாம், நகையை முடிந்துகொள்ளலாம். பட்டியில் நிற்கும் ஐம்பது மாட்டை எங்கே கொண்டுபோவது? அவிழ்த்துவிட்டுப் போனார்கள். அம்மம்மா வீட்டில் கடைசியாக நடந்த காரியம், பெரியமாமா போய்ப் பட்டியின் கடப்புத் தடியை இழுத்துவிட்டு வந்ததுதான். திரும்பி வந்தபோது சிலரின் மாடுகள் காட்டு மாடாகி, மனிதரைக் கண்டால் ஓடின. பெரும்பாலானவை இல்லவே இல்லை. வெடிபட்டும், களவு போயும், இறைச்சியாகியும் முடிந்திருந்தன. ஒரு குடும்பத்தின் வங்கிக் கணக்கே பட்டிதான் என்றிருந்த ஊரில் அது எவ்வளவு பெரிய சூறை என்று கணக்குப் பார்த்த நிவாரணப் படிவம் எதையும் நான் பார்த்ததில்லை.

முகாமில் பங்கீட்டுப் பொருளோடு பால்மா வந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து அள்ளிப்போன பிறகும் நிவாரணப் பொதிகளில் அரிசி, பருப்பு, சீனியோடு பால்மா வந்தது. மாடும் இல்லாமல், குளிர்சாதனப் பெட்டியும் இல்லாமல், அடுத்த மாதம் எங்கே இருப்போம் என்றும் தெரியாமல் இருபத்தைந்து வருடம் வாழ்ந்தவர்களுக்கு, பக்கற்றைக் கிள்ளி வைத்துக்கொண்டு எங்கும் எடுத்துப்போகக்கூடிய பால் எவ்வளவு பெரிய ஆறுதல். பால்மாவைக் குறை சொல்ல வந்த எனக்கு, அந்த வருடங்களில் என்னையும் என் தங்கையையும் வளர்த்தது அதுதான் என்பது மறக்கவில்லை.

இந்தியாவிலிருந்து திரும்பி வந்த என் சித்தி குடும்பம் இன்னொரு பழக்கத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் காலையில் ஆவின் பால் பக்கெட் வாங்கி, காய்ச்சி, ஆடை எடுத்து, அதில் தேநீர் போட்டுப் பழகியவர்கள். இங்கே வந்து முதல் மாதம் சித்தி ஒவ்வொரு கடையிலும் "பால் பக்கெட் இருக்கா?" என்று கேட்டார். கடைக்காரர்கள் பால்மாப் பக்கற்றை எடுத்து நீட்டினார்கள். நடுவில் உள்ள கடல் ஓர் இரவுப் பயணம். ஆனால் அந்தக் கரையில் பால் என்றால் நீர், இந்தக் கரையில் பால் என்றால் மா.

காலை ஒன்பது மணிக்குள்

நாட்டு மாட்டின் பால் எவ்வளவு என்று கேட்டால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். நாளொன்றுக்கு ஒரு லீற்றர், நல்ல புல் கிடைத்தால் இரண்டு. கறப்பது காலையில் ஒரு தடவை மட்டும். முதல் நாள் பின்னேரம் கன்றைப் பிரித்துக் கட்டிவிடுவார்கள். விடியலில் கன்றை அவிழ்த்து ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் இழுத்துக் கட்டிவிட்டுக் கறப்பார்கள். இரண்டு காம்பு கன்றுக்கு என்று விட்டுவிடுவது பழைய வழக்கம். கன்று ஈன்ற புதிதில், கடும்பு கட்டும் நாட்களில் விற்கமாட்டார்கள். கன்றுக்குப் போக மிஞ்சியதைச் சீனி போட்டு அவித்து அயலுக்குக் கொடுப்பார்கள். கடும்பு வராத வீட்டுக்காரர் கோபிப்பதும் உண்டு.

சரி, கறந்தாயிற்று. இனி நேரத்தோடு ஓட்டம். முப்பது பாகைக்கு மேல் வெப்பம் இருக்கும் ஊரில் காய்ச்சாத பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். பால் கம்பனியின் வண்டி காலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் சேகரிப்பு இடத்துக்கு வரும். கான்களை மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் கட்டிக்கொண்டு பண்ணையாளர்கள் ஓடுவார்கள். அங்கே பால்மானியை மிதக்கவிட்டு, கொழுப்பும் கொழுப்பல்லாத திண்மமும் பார்த்து விலை போடுவார்கள். நாட்டு மாட்டுப் பாலில் கொழுப்பு அதிகம் என்பது மட்டும் ஒரு சின்ன ஆறுதல். வண்டி வராத நாளில் அந்தப் பால் தயிராகும். தயிருக்கும் ஆள் இல்லாவிட்டால் மண்ணில் போகும்.

அப்படியானால் அயல் வீடுகளுக்கு விற்றால் என்ன? கம்பனி கொடுப்பதைவிடக் கூடக் கிடைக்குமே. இதை ஒரு பண்ணையாளரிடம் கேட்டேன். பட்டி அவருடைய தகப்பன் காலத்தது. கணக்கை விரல்விட்டுச் சொன்னார். வீட்டுக்கு விற்றால் இன்றைக்கு வேண்டும் என்பார்கள், நாளைக்கு வேண்டாம் என்பார்கள். மாதக் கடைசியில் கடன் சொல்வார்கள். கம்பனி எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் கணக்கில் காசு விழும், அதை வைத்து வங்கியில் கடனும் எடுக்கலாம். மறுபக்கம் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் அவர்களுடைய கணக்கு வேறு: போத்தலில் வருவதில் தண்ணீர் எவ்வளவு, பால் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும், வாங்கினால் உடனே காய்ச்ச வேண்டும், காய்ச்சினால் வைக்க இடம் வேண்டும், மாலையில் ஒருவர் வந்தால் ஒரு கரண்டி மா போதும், ஒரு போத்தல் பாலைத் திறக்க வேண்டாம். இரண்டு பக்கமும் நியாயம்தான். நடுவில் ஒரு சின்னக் குளிரூட்டியும், நம்பிக்கையோடு அளந்து கொடுக்க ஓர் ஆளும் இருந்தால் போதுமே என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சின்ன ஏற்பாட்டைச் செய்யத்தான் இத்தனை வருடமாக யாரும் இல்லை.

பெரிய ஏற்பாடுகள் நடந்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து 20,000 கறவை மாடுகளை இறக்கும் திட்டம் ஒன்று 2014இல் தீட்டப்பட்டு, 2017இல் 5,000 மாடுகள் கப்பலில் வந்தன. நோயும் தீனிப் பற்றாக்குறையுமாகப் பல பண்ணையாளர்கள் கடனில் மூழ்கியதுதான் மிச்சம். குளிர்நாட்டு உடம்பு வறண்ட வெயிலில் என்ன பாடுபடும் என்பதை எங்கள் பட்டிக்காரர் யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

வரிசையில் நின்ற மாதங்கள்

பால்மாவின் மீதான நம்பிக்கைக்கு அடி விழாமல் இல்லை. 2013 ஓகஸ்ட்டில் நியூசிலாந்துப் பால்மாவில் டிசிடி என்ற இரசாயனம் இருப்பதாகச் சொல்லிச் சுகாதார அமைச்சு குறிப்பிட்ட தொகுதிகளைத் திரும்பப் பெறச் சொன்னது. அங்குள்ள புல்வெளிகளில் நைதரசன் மண்ணிலிருந்து கழுவிப் போகாதிருக்க இடப்பட்ட பொருள் அது. அதே மாதத்தில் கிருமி இருப்பதாக உலகம் முழுவதும் இன்னொரு பயம் எழுந்து, பின்னர் அது தவறான எச்சரிக்கை என்று தெரிந்தது. 2019 பெப்ரவரியில், இறக்குமதிப் பால்மாவில் பாம் எண்ணெயும் பன்றிக்கொழுப்பும் கலப்பதாகப் பாராளுமன்றத்திலேயே ஒரு பிரதி அமைச்சர் சொன்னார். நிறுவனங்கள் மறுத்தன. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நிலாவெளியில் அந்தச் செய்தி எப்படிப் பரவியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சில வாரம் கடைகளில் பிளேன் டீ கூடுதலாகப் போனது. பிறகு பழையபடி ஆயிற்று.

பயத்தால் முடியாததை விலை செய்தது. 2021 நடுப்பகுதியில் டொலர் இல்லாமல் பால்மா துறைமுகத்தில் தேங்க, கடைகளில் அது அருமையாயிற்று. அந்த ஒக்டோபரில் அரசாங்கம் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. 380 ரூபாயாக இருந்த 400 கிராம் பக்கற் 480 ஆனது. ஆண்டு முடிவில் 540. 2022 மார்ச்சில் 790. அதற்குப் பிறகு ஆயிரத்தையும் தாண்டியது. கடையில் பால் தேத்தண்ணி ஒன்று நூறு ரூபாய் என்று அறிவித்தார்கள்.

ஒரு கிலோ முழுப்பால்மா செய்ய ஏறத்தாழ எட்டு லீற்றர் பால் வேண்டும். அப்படியானால் 400 கிராம் பக்கற்றுக்குள் மூன்று லீற்றருக்குச் சற்று மேலான பால் இருக்கிறது. 790 ரூபாய்க் கணக்கில் லீற்றர் ஒன்று 250 ரூபாயை நெருங்கியது. அந்த மாதங்களில்தான் நிலாவெளி வீட்டுப் பெண்கள் போத்தலும் கையுமாகப் பட்டிகளுக்கு நடந்தார்கள். வீதியோரம் கட்டாக்காலி என்று விரட்டப்பட்ட பசுக்களுக்குக் கஞ்சித்தண்ணி வைத்தார்கள். என் மச்சாள் ஒருத்தி, தன் ஆறு வயது மகன் முதன்முறையாகப் பசுப்பாலில் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு "இது மணக்குது" என்று தள்ளி வைத்ததைச் சொன்னாள். மாட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அவன் நாக்குக்குப் பால் என்றால் காய்ந்த பொடியின் அந்த இனிப்பு. எனக்கு இந்த ஒரு சம்பவம் எல்லாப் புள்ளிவிவரங்களையும்விடப் பெரிதாகப் பட்டது.

டொலர் திரும்பி வந்தது. பக்கற்றுகளும் தோரணமாகத் திரும்பி வந்தன. போத்தலோடு நடந்தவர்களில் ஒரு சிலர் மட்டும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

ஒத்துக்கொள்ளுமா, ஒத்துக்கொள்ளாதா

பசுப்பாலைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம். சளி பிடித்த பிள்ளைக்குப் பால் கூடாது, கபம் கட்டும் என்பார்கள். பால் குடித்தால் சளி கூடுகிறதா என்று சளிக்காய்ச்சல்காரரை வைத்தே சோதித்த ஆய்வுகள் அப்படி எதையும் காணவில்லை. தொண்டையில் பால் சற்று நேரம் படிந்து நிற்கும் உணர்வைத்தான் நாம் சளி என்று எண்ணிவிடுகிறோம். எருமைப்பால் மந்தம் என்பார்கள். கொழுப்பு கூடியது மெதுவாகச் செரிக்கும், அதில் உண்மை உண்டு.

மீன்பிடி ஊர் என்பதால் இங்கே மிக உறுதியான விதி ஒன்றிருக்கிறது: மீன் தின்ற வயிற்றில் பாலும் தயிரும் சேரக்கூடாது, சேர்ந்தால் தோலில் வெள்ளை விழும். தமிழ் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் ஒரே மாதிரி நம்புகிறார்கள். வெண்படைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக மருத்துவத்தில் சான்று இல்லை. ஆனால் இதன் விளைவைக் கவனியுங்கள். மூன்று நேரமும் மீன் கறி இருக்கிற வீட்டில் பாலுக்கு இடம் எப்போது? விடியற்காலைத் தேத்தண்ணியும் பின்னேரத் தேத்தண்ணியும்தான் மிச்சம்.

"பசுப்பால் குடிச்சா வயித்தைக் கலக்கும், மாப்பால் ஒண்டும் செய்யாது." இதைப் பலர் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. பாலில் உள்ள இலக்டோசுச் சர்க்கரையைச் செரிக்கும் நொதியம் குழந்தைப் பருவத்தில் எல்லோருக்கும் உண்டு. வளர வளர உலகத்து மனிதரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது குறைந்துவிடும். வட ஐரோப்பியரைப் போல வளர்ந்த பிறகும் அது நிலைத்திருப்பவர்கள் எங்களிடையே குறைவு. ஒரு பெரிய கிளாஸ் பசுப்பாலில் பன்னிரண்டு கிராம் அளவில் அந்தச் சர்க்கரை இருக்கும். தேத்தண்ணிக்குப் போடும் இரண்டு சின்னக் கரண்டி மாவில் நான்கு கிராம்தான். பால்மா சாதுவானதாகத் தெரிவது அதன் அளவால். அதே அளவு பசுப்பாலைத் தேத்தண்ணியில் விட்டாலும் வயிறு ஒன்றும் சொல்லாது. உறைபோட்ட தயிரில் கிருமிகளே அந்தச் சர்க்கரையின் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. பாலைக் குடிக்காத எங்கள் முன்னோர் தயிரைச் சட்டி சட்டியாகத் தின்றதன் காரணம் அதுவாக இருக்கலாம்.

குப்பைமேட்டில் பொலித்தீன் தின்கிற மாட்டின் பாலையா குடிப்பது என்று முகம் சுளிப்பவர்கள் இளையவர்களில் அதிகம். அந்தச் சுளிப்பைத் தள்ளிவிட முடியாது. கட்டாக்காலியாகத் திரியும் மாட்டுக்கு யாரும் மருந்து கொடுப்பதில்லை, தடுப்பூசி போடுவதில்லை. புரூசெல்லோசிஸ் என்ற நோய் கிழக்கு மாகாண மாடுகளில் இருப்பது அறியப்பட்ட விடயம். பச்சைப்பால் வழியாக மனிதருக்கும் வரும். அதனால் "கறந்த சூட்டோடு குடி" என்ற பழைய பெருமையை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். பொங்கக் காய்ச்சினால் அந்தக் கிருமி செத்துவிடும். தமிழ்நாட்டுச் சித்தி செய்வதுபோல, பொங்கி வரும்போது தணித்து, மறுபடி பொங்கவிட்டு இறக்குவது போதும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்தப் பாலும் வேண்டாம், அந்த மாவும் வேண்டாம். இதில் இலங்கைத் தாய்மார் உலகத்துக்கே முன்மாதிரி. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தன. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற எங்கள் ஊரில் கொடுப்பது பால்சுறா வறை. பெயரிலேயே பாலைச் சுமந்து திரியும் மீன். பால் பிடிக்காத பிள்ளைக்குச் சுண்ணாம்புச்சத்து எங்கிருந்து வரும் என்று கவலைப்படும் தாய்மாருக்கும் கடல்தான் பதில் வைத்திருக்கிறது: முள்ளோடு தின்னும் நெத்தலிக் கருவாடு. கூடவே குரக்கன் கூழ், முருங்கையிலை வறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் 2003ஆம் ஆண்டிலிருந்து ஏ2 பால் என்று தனிப்பெயரில் ஒரு பால் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். அது தனி நன்மை தரும் என்ற வாதம் இன்னும் நிறுவப்படவில்லை. ஆனால் திமில் வைத்த நாட்டு மாடுகள் பெரும்பாலும் கொடுப்பது அந்த வகைப் பாலையே. அவர்கள் பரிசோதித்து, முத்திரை குத்தி, பெருமையோடு விற்பது எங்கள் கடற்கரையில் பெயரில்லாமல் படுத்துக் கிடக்கிறது.

புல் எங்கே?

பேசிய பண்ணையாளர் எல்லோரும் கடைசியில் வந்து நின்ற இடம் புல். பெரும்போகத்தில் வயல் விதைத்ததும் மாடுகளைக் காட்டோரத்துக்குச் சாய்த்துப் போவார்கள். அறுவடை முடிந்ததும் வயலின் அடிக்கட்டையில் மேயவிடுவார்கள். மனிதரும் மாடும் நிலத்தை மாறி மாறிப் பாவித்த ஒழுங்கு அது. இன்று காட்டோரத்தில் எல்லைக்கற்கள். கடற்கரையில் விடுதி வேலிகள். மாடுகள் வீதிக்கு வந்தது வேறு போக்கிடம் இல்லாமல்தான். பிரதேச சபை பிடித்துக் கட்டித் தண்டம் போடுவது மாட்டுக்காரருக்கு. மேய்ச்சல் தரையை அடைத்தவர்களுக்கு எந்தத் தண்டமும் இல்லை. மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனையில் மேய்ச்சல் தரை பறிபோகிறது என்று 2023 செப்டெம்பரில் பாற்பண்ணையாளர்கள் வீதியில் குந்தினார்கள். நாட்கள் நூறு நூறாகக் கடந்தும் கொட்டிலைக் கலைக்கவில்லை. நிலாவெளிக்காரருக்கு அது தூரத்துச் செய்தியாகப் படவில்லை.

2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் விறைத்துச் செத்தன. ஒதுங்கக் கொட்டில் இல்லை, தாங்க உடம்பில் கொழுப்பு இல்லை. நாட்டின் பால் தேவையில் அரைப்பங்குகூட உள்நாட்டில் கறக்கப்படுவதில்லை என்று ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் கவலைப்படுகிறார்கள். தன்னிறைவு என்ற சொல்லும் வருகிறது. புல் என்ற சொல் வருவதில்லை.

அம்மம்மாவின் கடைசிக் கரண்டி

அம்மம்மா 2011இல் போனார். நிலாவெளிக்குத் திரும்பி வந்து சொந்த வளவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு. இரவு பதினொரு மணிக்கு மேல் மூச்சு இழுக்கத் தொடங்கியது. பெரியமாமா எங்களைப் பார்த்து, "பால் பருக்க வேணும், எடுங்கோ" என்றார். உயிர் பிரியும் நேரத்தில் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கரண்டியால் வாயில் பால் விடுவது எங்கள் வழக்கம். நான் அடுப்படிக்கு ஓடி மாவைக் கரைக்கத் தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்துத் தடுத்தார். "அது பால் இல்லையடா."

ஐம்பது மாடு நின்ற வளவு அது. அயலில் ஆறு வீடு தட்டினோம். எல்லா வீட்டிலும் பக்கற் இருந்தது. ஏழாவதாக, வீதிக்கு அந்தப் பக்கம் மாடு வைத்திருந்த நானா ஒருவரின் படலையைத் தட்டினேன். நித்திரையில் எழும்பி வந்தவர், முழுவதையும் கேட்கவில்லை. அரிக்கன் லாம்பை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனார். நேரம்கெட்ட நேரத்தில் பசு விடுமா? கன்றை அவிழ்த்து ஊட்டவிட்டு, தடவித் தடவி, மந்திரம்போல எதையோ சொல்லிச் சொல்லி, கால் பேணி அளவு கறந்து தந்தார். காசைப் பற்றி நான் வாய் திறக்கவே, "ஓடு மகன்" என்றார்.

இளஞ்சூடாக இருந்தது. மூன்றாவது கரண்டி உள்ளே போனது. நாலாவது கடைவாயால் வழிந்தது.

விடியும்வரை சனம் வந்துகொண்டிருந்தது. செத்தவீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டுமே. நான்தான் அடுப்படியில் நின்றேன். விடியும்போது மூன்று பக்கற் முடிந்திருந்தது.